வாந்தி மாத்திரை வந்த வழி

எலிக்கு வாந்தி எடுக்க வராது. விஷத்தைத் தின்றுவிட்டால்கூட அதை வெளியே தள்ள அதனால் முடியாது. அதற்கான தசையமைப்பும் கிடையாது, அதை ஏவும் நரம்பு ஏற்பாடும் அதன் மூளைத்தண்டில் கிடையாது. வயிறு புரட்டினால் எலி களிமண்ணைத் தேடித் தின்னும். எவ்வளவு மண் தின்றது என்று எடை பார்த்துத்தான் அதன் குமட்டலை ஆய்வகங்களில் கணிக்கிறார்கள். வாந்திக்கு மருந்து தேடியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. எந்த மருந்தையும் முதலில் எலியிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். இந்த ஒரு காரியத்தில் எலி உதவவில்லை. நாய், பூனை என்று போய், ஃபெர்ரட் என்ற விலங்கிடம் வந்து சேர்ந்தார்கள். கீரி போல நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள். மனிதர்களை வாந்தி எடுக்க வைக்கும் மருந்துகள் அதையும் எடுக்க வைத்தன. இன்று எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற வாந்தி மாத்திரை அந்தச் சின்ன விலங்கின் வழியாகத்தான் நம்மிடம் வந்தது.

ஆண்டன்செட்ரான் என்பது அதன் பெயர். எமிசெட், ஆண்டெம், வோமிகைண்ட் என்று அட்டையில் பெயர் மாறும். உள்ளே இருப்பது ஒன்றே. சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில் இதன் பாட்டிலும் நிற்கும். நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் இது யாருக்காகப் பிறந்தது, பிறகு யார் யார் கைக்கு மாறியது, ஒவ்வொரு கையிலும் என்ன நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டது என்பது பாட்டிலோடு சேர்ந்து வீட்டுக்கு வருவதில்லை. அதனால்தான் இந்த வழியை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

1930-களில் இத்தாலியின் பவியா நகரில் விட்டோரியோ எர்ஸ்பாமர் என்ற இளம் ஆய்வாளர், குடலின் உட்சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஒரு வகைச் செல்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். குடல் தசை மீது பட்டால் அது தசையைச் சுருங்க வைத்தது. என்டெரமின் என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் இரத்த நாளங்களைச் சுருக்கும் ஒரு பொருளை இரத்தத்திலிருந்து எடுத்து, செரடோனின் என்றார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றே என்று தெரிந்துபோனது. செரடோனின் என்றதும் இப்போது எல்லோருக்கும் மனச்சோர்வு ஞாபகம் வருகிறது. உடம்பில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில்.

குடலுக்குள் நஞ்சோ கிருமியோ புகுந்து சுவரைப் புண்படுத்தும்போது அந்தச் செல்கள் செரடோனினைக் கொட்டுகின்றன. பக்கத்திலேயே வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் உள்ள ஏற்பிகளில் செரடோனின் ஒட்டியதும் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து உத்தரவு வருகிறது, வயிறு காலியாகிறது. மூளைக்கு இந்தச் செய்தி வர வேறு வழிகளும் உண்டு. இரத்தத்தில் கலந்த நஞ்சை நேரடியாக உணரும் ஒரு சின்னப் பகுதி மூளைத்தண்டிலேயே இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது உள்காதிலிருந்து செய்தி போகிறது. நாற்றம், பயம், பழைய நினைவு இவையெல்லாம் மேல்மூளையிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு வழிக்கும் தூது போகும் வேதிப்பொருள் வேறு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், எல்லா வாந்திக்கும் ஒரே மாத்திரை ஏன் கேட்காது என்பது புரிந்துவிடும்.

1957-இல் காடம், பிகரெலி என்ற இருவர் கினிப் பன்றியின் குடல் துண்டை வைத்து, செரடோனினுக்கு ஒரே வகை ஏற்பி அல்ல, இரண்டு இருக்கின்றன என்று காட்டினார்கள். அதில் நரம்பின் மேல் இருந்த வகைக்கு இன்றைய பெயர் 5-எச்டி3. பூட்டு கிடைத்துவிட்டது. அதற்கு அவசரமாகச் சாவி தேவைப்பட்ட நாள் வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த அவசரத்தை உண்டாக்கியது ஒரு உயிர்காக்கும் மருந்து. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக்கள் மீது மின்புலம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல், இழை இழையாக நீண்டுகொண்டே போயின. மின்சாரம் காரணமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் காரணம் என்று கண்டுபிடித்து 1965-இல் வெளியிட்டார். செல் பிரிவதை நிறுத்தும் பொருள் புற்றுநோய்க்கு ஆகும் அல்லவா? அதுதான் சிஸ்பிளாட்டின். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, பரவிவிட்ட விரைப் புற்றுநோயில் சாக இருந்த இளைஞர்களைப் பிழைக்க வைத்தார்.

ஆனால் சிஸ்பிளாட்டின் ஏற்றிய நாளில் நோயாளிகள் பட்ட பாடு கொடுமையானது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் வாந்தி வந்தது. பலருக்கு ஒரே நாளில் பத்துத் தடவைக்கு மேல். குடலில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் ஓங்கரிப்பு நிற்காது. அடுத்த சுற்றுக்கு வரும்போது ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே சிலருக்கு வாந்தி வந்தது. குணமாகும் வாய்ப்பு இருந்தும், ‘இனிமேல் என்னால் முடியாது’ என்று பாதியில் சிகிச்சையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். வாந்தி ஒரு சின்னத் தொந்தரவு என்று நினைக்கும் யாரும் அந்த வார்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1981-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் கிராலா குழுவினர், மெட்டோகுளோப்ரமைடு என்ற பழைய மருந்தை மிக அதிக அளவில் நரம்பு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் பத்து முறைக்கு மேல் வந்த வாந்தி, மருந்து போட்டவர்களுக்கு ஒரு முறையாகக் குறைந்தது. அது மூளையில் டோபமைனைத் தடுக்கும் மருந்து. டோபமைனைத் தடுக்கும் வேறு மருந்துகளுக்கு இந்தப் பலன் இல்லாதபோது இதற்கு மட்டும் ஏன்? அதிக அளவில் அது இன்னொரு பூட்டையும் மூடுகிறது, அந்த 5-எச்டி3 பூட்டை என்று துப்பு கிடைத்தது. 1986-இல் பீச்சம் நிறுவனத்தின் மைனரும் சாங்கரும், பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கோஸ்டால் குழுவினரும் தனித்தனியே, 5-எச்டி3-ஐ மட்டும் மூடும் பொருள்களை ஃபெர்ரட்டுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். ஃபெர்ரட்டுகளுக்கு வாந்தி அடங்கியது. கிளாக்ஸோ நிறுவனம் இங்கிலாந்தில் முன்பே தயாரித்து வைத்திருந்த ஒரு மூலக்கூறுதான் ஆண்டன்செட்ரானாக முதலில் சந்தைக்கு வந்தது. 1991 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோஃப்ரான் என்ற பெயரில் அனுமதி கொடுத்தது.

ஆக, இது பிறந்தது புற்றுநோய் வார்டில். அங்கிருந்து அறுவை அரங்குக்கு நடந்தது குறுகிய தூரம். மயக்கம் தெளியும்போது வரும் குமட்டலைத் தடுக்க, அறுவை முடியும் தறுவாயில் 4 மி.கி. ஊசி போடுவது உலகமெங்கும் வழக்கமானது. வார்டிலும் அரங்கிலும் இதைக் கொடுப்பவர் டாக்டர்; நோயாளியின் ஈசிஜி, உப்புச் சத்து, மற்ற மருந்துகள் எல்லாம் அவர் கண் முன்னால் இருக்கும். இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அதனால் இங்குள்ள நிறுவனங்கள் இதை மலிவாகத் தயாரிக்க முடிந்தது. மேல்நாட்டில் காப்பீடு இல்லாதவர் தொடவே யோசித்த மாத்திரை, நம் ஊரில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் அதோடு சேர்ந்து, கண் முன்னால் ஈசிஜி வைத்திருக்கும் டாக்டர் வழியில் எங்கோ நின்றுவிட்டார்.

குழந்தைகளிடம் இது வந்த கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக வரும் குழந்தைக்கு ஆபத்து வாந்தியில் இல்லை, நீர் வற்றிப்போவதில் இருக்கிறது. அதற்கு மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு டிரிப்ஸ் தீர்ந்துபோனபோது, திலிப் மகலனாபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் ஓஆர்எஸ் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அந்தக் கரைசலுக்கு இன்றுவரை மாற்று இல்லை. ஒரே சிக்கல், குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அதை எப்படி உள்ளே இறக்குவது என்பதுதான்.

2006-இல் சிகாகோ குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ஸ்டீஃபன் ஃப்ரீட்மன் குழுவினர் இதைச் சோதித்த முடிவு வெளியானது. ஆறு மாதம் முதல் பத்து வயது வரை 215 குழந்தைகள். வாயில் வைத்ததும் கரையும் ஆண்டன்செட்ரான் மாத்திரை பாதிப் பேருக்கு, வெற்று மாத்திரை மீதிப் பேருக்கு. ஒரே ஒரு வேளை. கால் மணி நேரம் கழித்து ஓஆர்எஸ் புகட்டத் தொடங்கினார்கள். மருந்து வாங்கிய குழந்தைகளில் 14 சதவீதத்தினர் வாந்தி எடுத்தார்கள். வாங்காதவர்களில் 35 சதவீதத்தினர். டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவந்தவர்கள் 14 சதவீதம், 31 சதவீதம். மருந்து வாங்கியவர்களுக்கு அந்தச் சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு கொஞ்சம் கூடுதலாகப் போனது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

இந்த ஆய்வில் மாத்திரை என்ன வேலை செய்தது என்று பாருங்கள். நோயைக் குணமாக்கவில்லை, கிருமியைக் கொல்லவில்லை, போக்கை நிறுத்தவில்லை. சில மணி நேரம் வயிற்றை அமைதியாக வைத்துத் தண்ணீர் இறங்க வழிவிட்டது. அதனால் மாத்திரை கொடுத்துவிட்டு, ‘வாந்தி நின்னுடுச்சு, பிள்ளை தூங்கட்டும்’ என்று விட்டுவிட்டால் மருந்து வீண். அந்தக் கால் மணிக்குப் பிறகுதான் உண்மையான சிகிச்சையே தொடங்குகிறது.

அந்தச் சிகிச்சைக்குக் கையில் வேண்டியது ஒரு பாலாடையோ ஊசி இல்லாத சிரிஞ்சோ. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரைத்துவிட வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகக் கொட்டினால் உப்பின் அளவு தவறிப்போகும். பிறகு ஐந்து மில்லி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு ஐந்து மில்லி. தாகத்தில் குழந்தை டம்ளரைப் பிடுங்கும், அழும். ஒரு மடக்காகக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். வாந்தி வந்துவிட்டால் பத்து நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. ஒரு மணி நேரம் இப்படி உட்காரும் அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும். அவள் செய்வது டிரிப்ஸ் ஏற்றுவதற்குச் சமமான வேலை. ‘ஒரு ஊசி போட்டா நின்னுடும்ல’ என்று அவசரப்படும் சொந்தக்காரர்கள், அவளுக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் பாலாடையைப் பிடிக்கலாம்.

ஓஆர்எஸ் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவைதானா என்று அட்டையைப் படிக்க வேண்டும். சர்க்கரை அதிகமான பழச்சுவைப் பானங்கள் பல ஆண்டுகளாக அந்த எழுத்துகளை ஒட்டிக்கொண்டு விற்கப்பட்டன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும்.

இனி மெடிக்கல் வாசல். இரவு ஒன்பதரை மணிக்கு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, பிள்ளைக்கு வாந்தி நிக்கவே மாட்டேங்குது. ஏதாச்சும் குடுங்க.”

“வயசு என்னம்மா?”

“ஒன்றரை.”

ஒரு பாட்டில் கை மாறுகிறது. இங்கே விட்டுப்போன கேள்வி எடை. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது. அது தனி வருத்தம். சிகாகோ ஆய்வில் அளவை வயதை வைத்து முடிவு செய்யவில்லை: 8 முதல் 15 கிலோ வரை 2 மி.கி., 15 முதல் 30 கிலோ வரை 4 மி.கி., அதற்கு மேல் 8 மி.கி. வழக்கமான சிரப்பில் ஐந்து மில்லியில் 2 மி.கி. இருக்கும். அதே ஒன்றரை வயதில் எட்டு கிலோவுக்கும் குறைந்த குழந்தையும் உண்டு, பதின்மூன்று கிலோ குழந்தையும் உண்டு. டாக்டரிடம் போகும்போது எடை பார்த்து, எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதி வாங்குவது பெற்றோரின் உரிமை. சமையல் கரண்டியில் அளக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பெரியவர்களின் 8 மி.கி. மாத்திரையை ‘பாதி ஒடைச்சுக் குடு’ என்றால் பத்து கிலோக் குழந்தைக்கு 4 மி.கி. போய்விடும், வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. கொடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம் என்பது ஆய்வில் பின்பற்றிய முறை; அதற்குப் பிறகு என்றால் மருந்து பெரும்பாலும் உள்ளே போயிருக்கும், கூட்டிக் கொடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு வீட்டிலிருந்தபடி வாந்தி மருந்தே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

அதே அலமாரியில் ஆண்டன்செட்ரானுக்குப் பக்கத்தில் நிற்கும் வேறு சில பாட்டில்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்பவருக்கு எல்லாமே ‘வாந்தி மருந்து’தான். கிராலா பயன்படுத்திய அதே மெட்டோகுளோப்ரமைடு நம் ஊரில் பெரினார்ம் என்று பழக்கமானது. டோபமைனைத் தடுப்பதால் இது தசைகளை ஆளும் மூளைப் பகுதியிலும் கை வைக்கிறது. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண்விழிகள் மேலே செருகி நிற்கும், நாக்கு வெளியே தள்ளும், தாடை இறுகும். நினைவு தெளிவாக இருக்கும். குழந்தையால் பேச முடியாது, பயந்துபோய்ப் பார்க்கும். வீட்டில் வலிப்பு என்று நினைப்பார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் சரியான ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் முறுக்கு விட்டுவிடும். அதற்கு டாக்டருக்கு வேண்டிய ஒரே துப்பு, ‘காலையில் வாந்திக்கு ஒரு மருந்து கொடுத்தோம்’ என்ற வாக்கியம். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒரு வயதுக்குள் இதைக் கொடுக்கவே கூடாது, பெரிய குழந்தைகளுக்கும் முதல் மருந்தாகக் கூடாது, யாருக்கும் ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது.

டாம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது, அதனால் முறுக்கு அபூர்வம். ஆனால் அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடும். அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடைத்ததில்லை. 2019-இல் பிரிட்டன் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை நிறுத்தியது. அந்த வயதில் பலனும் நிரூபணமாகவில்லை என்பதுதான் காரணம். இங்கே பலர் தெரியாமலேயே தினமும் அதை விழுங்குகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’ பலவற்றில் பேன்டோப்ரசோலோடு டாம்பெரிடோனும் இருக்கிறது. குழந்தைகளுக்கான டாம்பெரிடோன் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஒன்றின் அளவை மற்றதற்குப் பயன்படுத்தினால் ஆபத்து.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் பஸ் ஏறுமுன் சிலர் எமிசெட் போட்டுக்கொள்கிறார்கள். அது அங்கே அவ்வளவாகக் கேட்காது. மலைப்பாதை வாந்தி உள்காதின் வழியாக வருவது. அந்த வழியில் தூது போவது செரடோனின் அல்ல. அதற்கு அவோமின் என்று நம் ஊரில் தெரிந்த பிரோமெத்தசின் வகைதான் பொருந்தும், அதுவும் வண்டி கிளம்புவதற்கு முன்பே போட்டால். தூக்கம் வரும், ஆகவே ஓட்டுநர் போடக் கூடாது. மதுவோடு சேரக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பிரோமெத்தசினால் மூச்சே அடங்கிப்போன நிகழ்வுகள் உண்டு. 2004-இல் அமெரிக்கா அட்டையிலேயே அந்த எச்சரிக்கையை அச்சிட வைத்தது. பயணத்தில் கைக்குழந்தை தொந்தரவில்லாமல் தூங்கட்டும் என்று இதைப் புகட்டுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

பெரியவர்களுக்கு ஆண்டன்செட்ரான் சாதுவான மருந்துதான். தலைவலி வரலாம், மலச்சிக்கலும் வரலாம். கவலை இதயத்தில். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் ஈசிஜியில் க்யூடி என்று தெரியும். சில மருந்துகள் அதை நீட்டுகின்றன. அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். புற்றுநோய் வார்டுகளில் ஒரே ஊசியாக 32 மி.கி. போடுவது வழக்கமாக இருந்தது. அது க்யூடியை நீட்டுகிறது என்று தெரிந்ததும் 2012-இல் அமெரிக்க நிர்வாகம் அதை நிறுத்தியது. நரம்பு ஊசியில் ஒரு வேளைக்கு 16 மி.கி.க்கு மேல் கூடாது என்பது இன்றைய விதி. ‘நமக்கு அவ்வளவு எங்கே போடப்போகிறார்கள்’ என்று கேட்கலாம். நம் ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு எழுதும் ஒரே சீட்டில் ஆஃப்லாக்சசின், ஆண்டன்செட்ரான், டாம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரை மூன்றும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். மூன்றும் க்யூடியை நீட்டக்கூடியவை. அசித்ரோமைசினும் அப்படித்தான். கூடவே, வாந்தியும் போக்கும் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. பொட்டாசியம் குறைந்த இதயத்துக்கு இந்த ஆபத்து பல மடங்கு. எனவே இதய நோயாளி, நீர் மாத்திரை சாப்பிடுபவர், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று விழுந்து இறந்த வரலாறு உள்ளவர் யாராக இருந்தாலும் மருந்து எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மாத்திரையோ டிராமடால் வலி மாத்திரையோ சாப்பிடுபவரும் சொல்ல வேண்டும், அவற்றோடு சேரும்போது செரடோனின் மிகைப்பட்டு நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வருவது அரிதாக நடந்திருக்கிறது. கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 8 மி.கி.தான் எல்லை.

கர்ப்பிணிகளின் மசக்கை வாந்தியிடம் இந்த மருந்து வந்தது தயக்கத்தோடு. தயங்கக் காரணம் இருந்தது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறக்க வைத்தது. அந்தப் பயத்தில், குற்றமற்ற டாக்சிலமின், வைட்டமின் பி6 கலவைகூட வழக்குகளுக்கு அஞ்சி 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல் அதே கலவை திரும்ப அனுமதி பெற்றது. இன்றும் மசக்கைக்கு முதலில் எழுத வேண்டியது அதுதான். ஆண்டன்செட்ரான் பற்றி 2018-இல் வெளியான பெரிய ஆய்வு 18 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்தது. முதல் மூன்று மாதத்தில் எடுத்துக்கொண்டவர்களுக்கு உதடு, அண்ணப் பிளவு பத்தாயிரம் பிறப்புக்குச் சுமார் மூன்று கூடுதலாக இருந்தது. இதயக் குறைபாடு கூடவில்லை. மிகச் சிறிய ஆபத்து. தண்ணீர்கூடத் தங்காமல் எடை குறைந்துகொண்டே போகும் பெண்ணுக்கு, டாக்டரோடு பேசி, இந்த ஆபத்தை ஏற்பதுதான் அறிவு. சாதாரண மசக்கைக்குத் தோழி சொன்னாள் என்று வாங்கிப் போடுவதற்கு இது இடம் கொடுக்காது.

வாந்தியை அடக்கவே கூடாத இடங்களும் உண்டு. அங்கே வாந்தி உடம்பு கொடுக்கும் சேதி. மாத்திரை போட்டால் சேதி நின்றுவிடும், நோய் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது சில மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டிய அறுவை. மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை குடித்த பாலை எட்டத்தில் விழும்படி பீச்சியடித்தால் இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, சிவந்த கூழ் போல மலம் போனால் குடல் செருகல். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி, கழுத்து விறைப்போடும் கடும் தலைவலியோடும் வரும் வாந்தி, இரத்தம் கலந்த வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் துவண்டு கிடக்கும் குழந்தை இவை எல்லாவற்றுக்கும் இடம் அவசரப் பிரிவு. ஐம்பது வயதுக்காரர் வியர்த்துக் கொட்டி, மேல்வயிறு அழுத்துகிறது என்று வாந்தி எடுத்தால் அது கேஸ் அல்ல, மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சர்க்கரை நோயாளியின் நிற்காத வாந்திக்கு முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நம் கிராமங்களில் குழந்தை வாந்தி எடுத்தால், தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே கழியும் அரை நாளில் குழந்தையின் கண் குழிவிழுந்துவிடுகிறது. அந்த அரை நாளைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

சிகாகோவில் ஆரம்பித்த ஃப்ரீட்மன் பிறகு கனடாவுக்குப் போனார். 2006-இல் அவர் கேட்ட கேள்வி ஆஸ்பத்திரிக்குள் முடிந்துவிட்டது: ஒரு வேளை கொடுத்து அனுப்பினோம், வீட்டுக்குப் போன பிறகு வாந்தி திரும்ப வந்தால்? 2025-இல் வெளியான ஆய்வில் கனடாவின் ஆறு மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 1,030 குழந்தைகளின் பெற்றோரிடம் ஆறு வேளை திரவ மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு ஆண்டன்செட்ரான், மீதிப் பேருக்கு வெற்றுத் திரவம். வாந்தி வந்தால் மட்டும் கொடுக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மட்டும். நோய் ஓரளவுக்கு மேல் முற்றியவர்கள், மருந்து வாங்கியவர்களில் 5.1 சதவீதம், வாங்காதவர்களில் 12.5 சதவீதம். புற்றுநோய் வார்டில் பிறந்த மருந்து வீட்டு அலமாரிக்கு வருவதற்கு இப்போது ஆதாரம் கிடைத்திருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு டாக்டர் பார்த்த பிறகு, அந்தக் குழந்தைக்கென்று அளந்து, ஆறு வேளை, இரண்டு நாள் என்ற கணக்கோடு. நம் வீட்டு அலமாரியில் போன வருடம் அண்ணனுக்கு வாங்கி மிச்சமான பாட்டில் இருந்தால், தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தாலும் தங்கையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத் திறங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.